எத்தனை நாளா இப்படி இருக்கு?

வரப்பில் நான் நான்கு அடி வைப்பதற்குள் குலவைச் சத்தம் கிளம்பிவிட்டது.

குறுவை நடவு நடந்துகொண்டிருந்த வாரம். முந்தின நாள் மழையில் வரப்பு வழுக்கியது. ஒரு கையில் செருப்பு, இன்னொரு கையில் ஆய்வுப் படிவம் செருகிய அட்டை. விழாமல் நடப்பதே பெரிய வேலையாக இருந்தது. வயலில் பதினெட்டுப் பெண்கள் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான். அவள் எடுத்த குலவையை மற்ற பதினேழு பேரும் வாங்கிக்கொண்டார்கள். வாய்க்கால் ஓரத்துக் கொக்குகள் பதறி எழுந்தன.

குலவையை எடுத்தவள் பாக்கியம் அத்தை. எங்கள் தெருக்காரி. அவள் இருக்கும் வயலில் சிரிப்புச் சத்தம் ஓயாது. ஒரு கைப்பிடி நாற்றோடு வரப்பேறி வந்து, அதை என் காலடியில் வைத்து, இடுப்பில் சேற்றுக் கையை ஊன்றி நின்றாள்.

"இனாம் குடுக்காம மேடம் தாண்டப்படாது."

தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நடவு வயல் வரப்பில் வெள்ளையும் சொள்ளையுமாக யார் வந்தாலும், நடவுப் பெண்கள் அவர் காலடியில் நாற்றை வைத்து மறிப்பார்கள். டீக்கோ வெற்றிலைக்கோ ஏதாவது கொடுத்துவிட்டுத்தான் தாண்ட முடியும். அது விளையாட்டு. கொஞ்சம் உரிமையும்கூட. நான் சின்னப் பெண்ணாக விடுமுறையில் நடவுக்குப் போனபோது, எங்களிடம் தப்பிக்க வரப்பை விட்டுக் குறுக்கே ஓடிய ஓர் அதிகாரி முழங்கால் சேற்றில் உட்கார்ந்துவிட்டார். அவரைத் தூக்கிவிட்ட பிறகும் இனாம் கேட்டவள் இதே பாக்கியம் அத்தைதான்.

இந்தத் தடவை அகப்பட்ட அதிகாரி நான். உதவி வேளாண்மை அலுவலர். அதைவிடப் பெரிய வேடிக்கை, அந்த நடவுக் கோஷ்டியின் தலைவி என் அம்மா. நான் அந்த வயலுக்கு வருவது அவளுக்குத் தெரியாது. அவர்கள் அங்கே நடுவது எனக்கும் தெரியாது.

"ஏ பாக்கியம், அது என் மவடி!" என்று அம்மா சேற்றிலிருந்து கத்தினாள்.

"மவளா இருந்தா ஒனக்கு. எனக்கு ஆபீசரு. எடு மேடம், பையத் தொற!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். வந்தது அழுகை.

கண் கலங்குவது போன்ற அழகான அழுகை இல்லை. தோள் குலுங்கியது. மூக்கு ஒழுகியது. படிவ அட்டை கைநழுவிச் சேற்றில் விழுந்தது. நிறுத்தப் பார்த்தேன், முடியவில்லை. ஏன் அழுகிறேன் என்றும் தெரியவில்லை.

நட்டுக்கொண்டிருந்தவர்கள் நாற்றும் கையுமாக நிமிர்ந்தார்கள். பிறகு பாக்கியம் அத்தைதான் காப்பாற்றினாள். "பாருங்கடி! ஆத்தாளச் சேத்துல பாத்ததும் புள்ளைக்குப் பெருமையில அழுவ வந்துடுச்சு!"

உடனே எல்லோருக்கும் மூச்சு வந்தது. இன்னொரு குலவை. அம்மாவும் அழுதாள். சேற்றுக் கையாலேயே கண்ணைத் துடைத்து முகமெல்லாம் அப்பிக்கொண்டாள். வயல்காரர் மகன் அதைக் கைப்பேசியில் படம் பிடித்தான். சாயங்காலத்துக்குள் எங்கள் ஊரில் பாதிப் பேருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் நான் அழுதுகொண்டிருந்தேன். அடியில், 'சேற்றில் தாய், வரப்பில் அதிகாரி மகள்' என்று எழுத்து வேறு.

கேட்டவர்களிடமெல்லாம் நானும், "ஆமாம், பெருமையிலதான்" என்றேன். அது பெருமை இல்லை என்று சொல்லத்தான் என் தொடரின் இந்த வாரப் பகுதி முழுவதையும் எடுத்துக்கொள்ளப்போகிறேன்.

பெருமைக்காரி

பெருமை எனக்கு இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அடையாள அட்டை கைக்கு வந்த நாளைப் பற்றி மட்டும் இந்தத் தொடரில் ஓர் அத்தியாயம் முழுக்க எழுதியவள் நான்.

என் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்த முதல் ஆள் நான். என்னைச் சேர்த்த நாளில் அம்மா மாலை வரை வாசலில் வேப்ப மரத்தடியிலேயே காத்திருந்தாள். விட்டுவிட்டுப் போகலாம் என்பது அவளுக்குத் தெரியாது. நான்கு மணிக்கு மணி அடித்து நான் ஓடி வந்தபோது, "முடிஞ்சிடுச்சா? பாஸா?" என்று கேட்டாள்.

அப்புறம் நிறையப் பாஸ் ஆனேன். விவசாயப் படிப்பு, தேர்வு, வேலை. வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் அரை மணி நேரத்தில் அலுவலகம். எனக்குப் பின்னால் எங்கள் தெருவில் நான்கு பெண்கள் கல்லூரிக்குப் போகிறார்கள். "மாலதி மாதிரி வரணும்" என்று சொல்லித்தான் அவர்களைப் பஸ் ஏற்றிவிடுகிறார்கள். மாலதி நான்தான்.

அந்த மாலதி, அந்தக் கோடையில், தலை சீவுவதற்கே தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தாள் என்பது அந்த நான்கு பேருக்கும் தெரியாது.

இனிக்காத டீ

எது நடந்து அப்படி ஆனது என்று கேட்பீர்கள். ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் சிக்கலே. ஏதாவது நடந்திருந்தால் அதைச் சொல்லி அழுதிருக்கலாம்.

சித்திரை வாக்கில் தொடங்கியது. அலுவலகத்து வாசலில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, சாவியை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருப்பேன். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். உள்ளே போவது மலையேறுவது போல இருக்கும். டீ கசக்கவில்லை, இனிக்கவும் இல்லை. சுடுதண்ணீரைக் குடிக்கிற மாதிரி இருந்தது. விடிவதற்கு வெகுநேரம் முன்பே விழிப்பு வந்துவிடும். எதிர் வீட்டுச் சேவல் கூவும்போதே, 'ஐயோ, இன்னும் ஒரு நாளா' என்றிருக்கும்.

யாராவது வேடிக்கையாகப் பேசினால் முதலில் மற்றவர்கள் முகத்தைப் பார்ப்பேன். அவர்கள் சிரித்தால் நானும் சிரிப்பேன். பயனாளிப் பட்டியலில் ஒரே விவசாயியின் பெயரை இரண்டு முறை எழுதினேன். தோழிகளின் அழைப்பை எடுக்காமல், 'வேலை' என்று செய்தி அனுப்பினேன்.

இதெல்லாம் போதாதென்று என்னை நானே திட்டிக்கொண்டேன். 'அம்மா இன்னும் சேற்றில் நிற்கிறாள். உனக்கு மின்விசிறிக்குக் கீழே நாற்காலி. உனக்கு என்னடி குறை?' இப்படித் திட்டினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். சேற்றில் சிக்கிய வண்டியை மேலும் முறுக்கினால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது.

வீட்டில் எல்லோரும் டாக்டர்

நான் சாப்பிடுவதில்லை என்பதை வீட்டில் கவனித்துவிட்டார்கள். ஆளுக்கொரு வைத்தியம் ஆரம்பமானது.

அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. கண்ணு. உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். எல்லோரும் இருமினோம். "எனக்கு நெடியே வரலயே! பாத்தியா, எம்மாம் கண்ணு!" என்றாள், கண்ணில் தண்ணீர் வழிய இருமிக்கொண்டே. அந்த வீடியோவால்தான் கண் பட்டது என்று அவளே முடிவு செய்தாள். ஆனாலும் வருகிறவர்களுக்கெல்லாம் வீடியோவைப் போட்டுக் காட்டுவதை நிறுத்தவில்லை. அந்த ஒரு நிமிடப் படம் அவளுக்கு நகை மாதிரி.

அப்பாவின் கட்சி ரத்தம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆட்டு ஈரல் வந்தது. மூன்று வாரம் ஆகியும் என் முகம் தெளியவில்லை. ஒருநாள் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"மனசுல யாரையாச்சும் நெனச்சிருக்கியா?"

"இல்லப்பா."

"இருந்தா சொல்லிடு. ஆளு யாரா இருந்தாலும் நான் பேசிக்கிறேன்."

எங்கள் தெருவில் எந்த அப்பாவும் மகளிடம் இப்படிக் கேட்டிருக்க மாட்டார். அவர் கேட்ட அழகுக்காகவே யாரையாவது காதலித்திருக்கலாம். ஆள்தான் இல்லை.

மஞ்சள் இலை

நடவு முடிந்து இருபது நாள் போல ஆகியிருக்கும். கலியமூர்த்தி என்ற விவசாயி அலுவலகத்துக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். குறும்புக்காரர். துண்டின் முனையில் முடிந்து வந்திருந்த பயிரை என் மேசையில் பிரித்து வைத்தார். இலையெல்லாம் மஞ்சள் பாய்ந்து, துருப்பிடித்த மாதிரிப் புள்ளிகள்.

இந்த வேலையில் நாங்கள் கேட்கும் கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"பதினஞ்சு நாளு இருக்கும் மேடம்."

"வயல் பூராவா, ஒரு எடத்துலயா?"

"மொதல்ல மடைகிட்ட திட்டா தெரிஞ்சுது. இப்ப பூரா பரவிடுச்சு."

"நீங்களா ஏதாவது போட்டீங்களா?"

"யூரியா ரெண்டு தரம் போட்டேன். கேக்கல."

"அப்பவே ஏன் வரல?"

"தானா தெளிஞ்சிடும்னு பாத்தேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ரெண்டு நாள் வாடறது வேற. ரெண்டு வாரமா வாடறது வேற. அதுக்கு மேல காத்திருக்கக் கூடாது, கொண்டாந்து காட்டணும். பயிரு மேல தப்பு இல்ல. மண்ணுல ஜிங்க் சத்து கொறையுது. அதைக் குடுத்தா பச்ச கட்டிடும். இதுக்குப் போயி இத்தன நாளு மறைச்சு வச்சிருக்கீங்க!"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"கோவிச்சுக்காதீங்க மேடம். என் பயிரவிட நீங்கதான் வாடிப்போயிருக்கீங்க. நீங்க யாருகிட்ட காட்டுறீங்க?"

பக்கத்து மேசைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு.

வீட்டுக்குப் போகும் வழியில் வாய்க்கால் பாலத்தில் வண்டியை நிறுத்தினேன். பாலத்துக்குக் கீழே தண்ணீர் நிறைந்து ஓடியது. யாரும் இல்லாததால் வாய்விட்டே கேட்டுக்கொண்டேன். எத்தனை நாளாக? மூன்று மாதத்துக்கு மேல். எல்லா இடத்திலுமா? முதலில் அலுவலகத்து வாசலில் மட்டும், இப்போது ஞாயிற்றுக்கிழமையும். நீயாக ஏதாவது போட்டாயா? புது சுடிதார் போட்டேன், காலையில் நடந்தேன், பாட்டுக் கேட்டேன், ராசி பலன் பார்த்தேன். கேட்கவில்லை. ஏன் அப்பவே போகவில்லை?

அதற்கும் எனக்குப் பதில் தெரிந்திருந்தது.

கொசுப் படம்

எங்கள் அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையம். அதன் சுவரில் இரண்டு விளம்பரத் தட்டிகள். ஒன்று கொசு. இன்னொன்று மனநலம். மறுநாள் கொசுப் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, ஓரக்கண்ணால் மற்றதைப் படித்தேன். இரண்டு வாரத்துக்கு மேல் சோர்வு, எதிலும் ஆசையின்மை, தூக்கக் கெடுதல், பசியின்மை, கவனம் சிதறுதல், தன்னைத்தானே குற்றம் சொல்லிக்கொள்வது. ஒவ்வொன்றுக்கும் மனத்துக்குள் 'ஆமாம்' போட்டேன். எல்லாத் தேர்வையும் போல இதிலும் நல்ல மதிப்பெண்.

அடியில், தாலுகா ஆஸ்பத்திரிகளில் மனநல மருத்துவர் புதன்கிழமை வருவார் என்று இருந்தது.

அந்தப் புதன்கிழமை போகவில்லை. அடுத்த புதனும் போகவில்லை. பைத்தியம் என்பார்களே என்ற பயம்கூட இரண்டாவதுதான். முதல் பயம் வேறு. 'படிச்சுப் படிச்சு மூள கொழம்பிடுச்சு' என்று எங்கள் தெருவில் ஒரே ஒரு வாய் சொன்னால் போதும். பின்னால் வரும் நான்கு பெண்களின் பஸ் பாஸும் பறிபோகும். மாலதி மாதிரி வரணும் என்றவர்களே, மாலதி மாதிரி ஆகிவிடப்போகிறது என்பார்கள். ஒரு குடும்பத்தின் முதல் படிப்பு என்பது தலையில் நிறைகுடத்தோடு வரப்பில் நடப்பது மாதிரி. நமக்குக் கால் வலித்தாலும் நிற்கக் கூடாது என்று தோன்றிவிடுகிறது.

மூன்றாவது புதன்கிழமை விடியற்காலை, சேவல் கூவியதும், 'எழுந்திருக்காமலே போய்விட்டால் நன்றாக இருக்கும்' என்று ஒரு நினைப்பு வந்தது. சும்மா, மழை வந்தால் நன்றாக இருக்கும் என்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாக வந்தது. அந்தச் சாதாரணம்தான் என்னைப் பயமுறுத்தியது. எழுந்து உட்கார்ந்தேன். விடுப்புக் கடிதம் எழுதினேன்.

துப்பட்டாவுக்குள் அதிகாரி

எங்கள் தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போனால் எல்லோரும் என்னைத் தெரிந்தவர்கள். எனவே திருவிடைமருதூர் வழியாக இரண்டு பஸ் மாறி அடுத்த தாலுகாவுக்குப் போனேன். முகம் முழுக்கத் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டேன். ஓபி சீட்டு கொடுப்பவரிடம் எந்த டாக்டர் என்று நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை.

அவர் உரக்கத் திருப்பிச் சொன்னார். "மனநலமா? பன்னெண்டாம் நம்பரு ரூம்!"

பன்னிரண்டாம் நம்பர் அறை வாசலில் பெஞ்சு. சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். முதுகுக்குப் பின்னால் ஒரு குரல், வயலுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவரைக் கூப்பிடுகிற மாதிரி:

"மேடம்! ஜிங்க் போட்டேன் மேடம்! பயிரு பச்ச கட்டிடுச்சு!"

கலியமூர்த்தி. வராந்தாவே திரும்பிப் பார்த்தது. நான் துப்பட்டாவை இன்னும் இழுத்தேன்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"அந்தப் பைய இந்த வராந்தாவுல வேற யாரு வச்சிருக்கா?" வேளாண்மைத் துறை எழுத்துப் போட்ட பையை மடியில் வைத்துக்கொண்டுதான் நான் ஒளிந்திருந்தேன்.

அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார். மனைவி இறந்த பிறகு வயலுக்கே போகாமல் கிடந்தாராம். தங்கை இழுத்து வந்து காட்டினாராம். "ரெண்டு வருசமா வர்றேன். இப்ப மாத்திர பாதியாக் கொறச்சிட்டாங்க. நல்லாருக்கேன்."

"உங்க ஊருக்கு நம்ம ஆஸ்பத்திரிதானே கிட்ட? இங்க எதுக்கு?"

"அங்க போனா தெரிஞ்சவங்க பாத்துடுவாங்கல்ல மேடம்."

ஒரு நொடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு சிரித்தோம். பல மாதங்களில் யார் முகத்தையும் பார்க்காமல் எனக்குத் தானாக வந்த முதல் சிரிப்பு அது.

அவர் கேட்ட கேள்விகள்

உள்ளே இருந்தது ஒரு பெண் மருத்துவர். மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு முதல் கேள்வி கேட்டார்.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் என்று சொன்னேன். அவரும் சிரித்தார். "அப்ப நம்ம ரெண்டு பேரும் ஒரே வேலதான் பாக்குறோம். சொல்லுங்க."

சொன்னேன். தூக்கம், பசி, வேலை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியில், எத்தனை நாள் என்று கேட்ட அதே குரலில், "செத்துடலாம்னு தோணுதா?" என்றார். விடியற்காலை வந்த நினைப்பைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இத சொன்னது ரொம்ப நல்லது. ஏதாவது செஞ்சுக்கணும்னு நெனச்சிருக்கீங்களா?"

"இல்ல டாக்டர்."

"அந்த நினைப்பு திரும்ப வந்தா, இல்ல பலமா வந்தா, புதன்கிழமைக்குன்னு காத்திருக்காதீங்க. எந்த நாளும், எந்த நேரமும் அவசரப் பிரிவுக்கு வந்துடுங்க. தனியா இருக்காதீங்க. இன்னிக்கே வீட்டுல ஒருத்தர்கிட்டயாவது சொல்லணும். சொல்வீங்களா?"

ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். தைராய்டு கோளாறும் ரத்தக் குறைவும்கூட இப்படி ஆளைச் சோர வைக்குமாம். அப்பாவின் ஈரல் கட்சியில் பாதி நியாயம் இருந்திருக்கிறது. மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும், நன்றாக இருக்கிறதே என்று நீங்களாக நிறுத்தக் கூடாது என்றார். பேசுவதற்கு ஓர் ஆலோசகரிடமும் அனுப்பினார். பரிசோதனையில் தைராய்டு சரி, ரத்தம் சரி. எனக்கு வந்திருந்தது மனச்சோர்வு. பெயர் தெரிந்ததே பாதி பாரம் இறங்கிய மாதிரி இருந்தது.

மிச்சப் பாதி, அம்மாவிடம் சொல்வது.

நகையைக் கழற்றியது

அன்று சாயங்காலம் அம்மா குழாயடியில் கெண்டை மீன் உரசிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்தேன். எடுத்த எடுப்பில் சொல்லிவிட்டேன், நிறுத்தினால் மறுபடி வராது என்று. ஆஸ்பத்திரி, மாத்திரை, விடியற்காலை நினைப்பு, எல்லாம்.

மீன் அவள் கையிலேயே இருந்தது. செதில் ஒட்டிய விரலை அசைக்கவில்லை.

"அப்ப அன்னிக்கி வரப்புல... அது பெருமையில இல்லயா?"

"இல்லம்மா."

"ஊரு பூரா போட்டுக் காட்டிக்கிட்டுத் திரிஞ்சேனே. எம் புள்ள ஒடஞ்சு அழுவுறத." மீனைச் சட்டியில் போட்டாள். பிறகு கேட்டே விட்டாள். "படிக்க வச்சதாலயாடி இப்படி?"

நான் பயந்த கேள்வி. ஊர் கேட்கும் என்று நினைத்தேன். என் அம்மா வாயிலிருந்தே வந்தது. "அத டாக்டர்கிட்டயே கேளும்மா," என்றேன்.

அடுத்த புதன்கிழமை என் ஸ்கூட்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்து அவளே வந்தாள். துப்பட்டா சுற்ற விடவில்லை. "திருட்டுக் கேசுக்கா போற?" மருத்துவர் வணக்கம் சொல்வதற்குள் அந்தக் கேள்வியைப் போட்டுவிட்டாள்.

"படிக்காதவங்களுக்கும் இதே அளவு வருதும்மா," என்றார் மருத்துவர். "அவங்க ஒடம்பு வலி, அசதின்னு சொல்லிக்கிட்டே வேலைக்குப் போயிடுறாங்க. உங்க பொண்ணு படிச்சதால சீக்கிரம் வந்துட்டா."

அம்மா விடவில்லை. "மூணு மாசம் கழிச்சு வந்திருக்கா. இதுவா சீக்கிரம்?"

"சில பேரு மூணு வருசம் கழிச்சு வர்றாங்கம்மா."

ஊருக்குத் திரும்பினோம். தெருக்குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஏழெட்டுக் குடம், ஏழெட்டுப் பேர். "ஆத்தாளும் மவளும் எங்க போயிட்டு வரீங்க?" என்று ஒருத்தி கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா வண்டியிலிருந்து இறங்கினாள்.

"டாக்டருகிட்ட. மவளுக்கு மனசு சோர்ந்துபோச்சு. மாத்திர சாப்புடுது. நீ சக்கரைக்குச் சாப்புடல? அந்த மாதிரி."

குழாயடியில் நிறைந்த குடத்தை யாரும் எடுக்காமல் தண்ணீர் வழிந்தது. வயலில் என்றால் யாராவது குலவை போட்டிருப்பார்கள்.

மறுநாள் காலை நான் ஜன்னல் வழியாக எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்கு பெண்களும் கல்லூரிப் பஸ்ஸில் ஏறினார்கள். ஒருத்தி ஓடிப்போய்த்தான் ஏறினாள், வழக்கம்போல.

வீடியோவை அம்மா அதற்குப் பிறகு யாருக்கும் காட்டவில்லை. அழித்தாளா என்று நான் கேட்கவில்லை.

ஐந்தாறு வாரம் போயிருக்கும். ஒரு காலை டீயை வாயில் வைத்தவுடன், "என்னம்மா, இவ்ளோ சக்கரயப் போட்டிருக்க?" என்று கத்தினேன். அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். டம்ளரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "ஏங்க, புள்ளைக்கு இனிப்புத் தெரியுது!" என்று அப்பாவைக் கூப்பிட்ட கூச்சலில் மாடு கயிற்றை இழுத்தது. அதற்குப் பிறகும் சில சோர்வான நாட்கள் வந்தன. ஆனால் அவை வந்த வழியே போயும்விட்டன.

மறு குறுவை

அடுத்த வருடம் மறுபடியும் தண்ணீர் வந்தது, மறுபடியும் நடவு. என் மாத்திரை குறைந்திருந்தது, இன்னும் நிற்கவில்லை. இந்தத் தடவை எந்த வயலில் அம்மாவின் கோஷ்டி என்று தெரிந்தேதான் போனேன். சில்லறை மாற்றி வைத்திருந்தேன்.

நான்கு அடி. குலவை.

பாக்கியம் அத்தை நாற்றோடு வரப்பேறி வந்தாள். "இந்த வருசமாச்சும் அழுவாம குடு மேடம்!" என்று பின்னாலிருந்து கத்தியது என் அம்மா. வயலே சிரித்தது. நான்தான் முதலில் சிரித்தேன்.

அத்தை குனிந்து நாற்றை என் காலடியில் வைத்தாள். வைத்தவள் நிமிரவில்லை. நாற்றைச் சரிசெய்கிற மாதிரி குனிந்தபடியே, எனக்கு மட்டும் கேட்கும் குரலில் பேசினாள்.

"காச அவளுவகிட்ட குடு. எனக்கு ஒன்னு சொல்லு. அந்த டாக்டரம்மா எந்தக் கெழம வருவாங்க?"

"யாருக்கு அத்தை?"

"எனக்குத்தான்."

அவளைப் பார்த்தேன். எங்கள் தெருவின் சிரிப்புச் சத்தம் என் காலடியில் குனிந்து நின்றது.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"சின்னவ பொறந்ததுலேருந்து விட்டு விட்டு வரும். இந்தத் தடவ விட மாட்டேங்குது." சின்னவள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். அந்த நான்கு பேரில் ஒருத்தி. "கொலவயப் போட்டா போயிடும்னு பாத்தேன்டி."

"புதன்கிழமை. நான் வண்டியில கூட்டிட்டுப் போறேன்."

"புதன்கெழம நடவு இருக்கே."

நான் நிமிர்ந்து கோஷ்டித் தலைவியைக் கூப்பிட்டேன். "அம்மா! புதன்கிழம அத்தைக்கு லீவு!"

நடவு வாரத்தில் அம்மாவிடம் லீவு கேட்பது எளிதல்ல. காய்ச்சல் என்று சொன்னவளை நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு வயலில் இறக்கியவள் அவள். நாற்றுமுடியும் கையுமாக நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள். இன்னும் நிமிராத பாக்கியம் அத்தையின் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை.

"போயிட்டு வரட்டும்," என்றாள். "அவ வரிசைய நான் நடுறேன்."

பிறகு குனிந்தாள். குனிந்தபடியே, "ஏ பாக்கியம், முகத்துல துணிய கிணிய சுத்திக்கிட்டுப் போவாத!" என்றாள்.